படையல் சுருட்டு

தயிர் பிடித்திருக்கிறதா, ஐயா? எருமைத் தயிர். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்பின் இந்தப் படுவான்கரைக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு இதன் வாடையே ஆகாது. இப்போது இது இல்லாமல் சோறு இறங்குவதில்லை. இன்னும் ஒரு அகப்பை போட்டுக்கொள்ளுங்கள். தோணிக்காரன் வெயில் தாழ்ந்துதான் வருவான், நேரம் இருக்கிறது.

நீங்கள் காலையில் வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்துவிட்டேன், பத்து வயதுப் பையன் மடியில் சுருட்டைச் செருகிக்கொண்டு வாய்ப்பாடு சொல்வதை இங்கேதான் பார்க்கிறேன், தலைமை வாத்தியார் இதில் ஒரு அக்கறையும் எடுக்கவில்லையா என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் அக்கறை எடுக்கவில்லை என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. இந்த விஷயத்தில் நான் எடுத்த அக்கறையை இலங்கையில் வேறெந்த வாத்தியாரும் எடுத்திருக்க மாட்டார். அதைச் சொல்லத்தான் உங்களைச் சாப்பாட்டுக்கு மறித்தேன். முன் வரிசை வாங்கில் ஒரு பெரிய பையன் உட்கார்ந்திருந்தான், நீங்கள் பெயர் கேட்டபோது பதில் சொல்லாமல் சிரித்தான், கவனித்தீர்களா? அவன் வினாயகமூர்த்தி. ஒரு காலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தின் முதல்தரமான மாணாக்கன். அவன் அப்படி ஆனதற்கு நான்தான் காரணம். அதை ஒளிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. காரணத்தை மட்டும் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள்.

என் தகப்பனார் ஊரில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். அரிச்சுவடி படிக்கும் வயதில் எனக்குச் சுருட்டுச் சுற்றத் தெரியும். காம்பு கிழிப்பது, உள்ளே துண்டிலை வைப்பது, மேலிலை சுற்றி நுனி திருகுவது எல்லாம் கைக்கு வந்த வேலை. அந்தத் தூசியிலும் புகையிலும் இருந்து தகப்பனாருக்கு இழுப்பு வந்தது. இழுப்புக்கு நாட்டு வைத்தியர் சொன்ன மருந்தும் ஒரு புகைதான். காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிக் கொஞ்சமாகப் பிடித்தால் மூச்சு இளகும் என்றார். இளகத்தான் செய்தது. ஒருநாள் அளவு மிஞ்சிவிட்டது. தகப்பனார் கண்மணி முழுக்க விரிந்து, இல்லாத நூலைக் காற்றில் பிடுங்கிக்கொண்டு, என்னைச் செத்துப்போன தன் தமையன் என்று நினைத்துக் காணிச் சண்டை பிடித்தார். விடிந்ததும் தெளிந்துவிட்டது. ஒன்றும் ஞாபகமில்லை என்றார். அம்மா ஒப்பாரி வைத்தாள். நான் அழவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் சுருட்டை விடவில்லை. வருஷக்கணக்காகக் கிடந்து இழுத்துத்தான் போனார். கடைசி மூச்சு வரைக்கும், இது புகையிலையால் வந்ததில்லை, செய்வினை என்றே நம்பினார். ஒரு மனிதன் எதால் சாகிறான் என்று அவனுக்கே தெரியாமல் போவது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. வாத்தியாராக வந்தால் ஒரு பிள்ளையையாவது அந்த அறியாமையிலிருந்து மீட்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இங்கே வந்து பார்த்தால், ஐயா, தகப்பனாரைத் தூக்கிச் சாப்பிடும் நம்பிக்கைகள். முப்பத்தைந்தாம் வருஷத்து மலேரியாக் காய்ச்சல் இந்தப் பக்கத்திலும் ஆட்களை வாரிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியவர்களெல்லாம் சுருட்டுக்காரர்கள் என்று ஊர் சொன்னது. செத்தவர்களும் சுருட்டுக்காரர்கள்தான், ஆனால் செத்தவனை யார் எண்ணுவது? புகை பிடித்தால் காய்ச்சல் அண்டாது, பல்லில் பூச்சி விழாது, பசி தெரியாது, வயலில் காவலிருக்கும்போது யானை விலகிப்போகும். இவ்வளவும் போதாதென்று, சுருட்டுப் பிடிக்காத பையனுக்குக் குரல் உடையாது என்றும் சொன்னார்கள். மீசை அரும்பும் வயதில் இதைக் கேட்ட பிறகு எந்தப் பையன் சும்மா இருப்பான்? பதின்மூன்று பதினான்கு வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று வரிசையாய் இழுப்பார்கள். நான் போனால் மரியாதைக்குச் சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். அவ்வளவு மரியாதை இருந்தது.

நான் அடிக்கவில்லை. அடியால் அறிவு வராது என்பது என் கொள்கை. விளக்கிச் சொன்னேன். புகை நெஞ்சைக் கெடுக்கும், மூச்சு நில்லாது என்றேன். அடுத்த கிழமை ஆற்றை நீந்திக் கடக்கும் போட்டி வந்தது. நாம் வாவி என்று புத்தகத்தில் எழுதுவதை இவர்கள் ஆறு என்பார்கள். போட்டியில் முதலாவதாக அக்கரை ஏறியவன் இராசதுரை. ஊரிலேயே அவன்தான் பெரிய சுருட்டுக்காரப் பொடியன். ஈரத்தோடு நேரே என்னிடம் வந்து, "மூச்சு நிக்கிதா எண்டு பாருங்க வாத்தியார்" என்று நெஞ்சைக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். புகை இரத்தத்தைக் கறுக்க வைக்கும் என்று இன்னொரு நாள் சொன்னேன். அது கொஞ்சம் மிகைதான், படிப்பிக்கும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் விரலைக் கீறி என் மேசையில் இரண்டு துளி விட்டான். "செவப்பாத்தானே இரிக்கி?" என்றான். அதற்குப் பிறகு சுகாதாரப் பாடம் என்றாலே வகுப்பில் ஒரு கள்ளச் சிரிப்பு ஓடும்.

இருந்து யோசித்தேன். பிள்ளைகள் மேல் பிழை இல்லை. கண்ணால் கண்டதை நம்புகிறார்கள், அதைத்தானே நானும் படிப்பித்தேன். பிழை புகையிலையில் இருந்தது. அது மிகவும் மெதுவாக வேலை செய்கிறது. என் தகப்பனாரைத் தின்ன அதற்கு முப்பது வருஷம் பிடித்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை முப்பது வருஷம் காத்திருந்து பார் என்று சொல்ல முடியுமா? முப்பது வருஷத்தில் நடப்பதை ஒரு பின்னேரத்தில் காட்டினால் பாடம் ஏறும். விதை முளைப்பதைக் காட்ட ஈரத்துணியில் பயறு போடுகிறோமே, ஐயா, அப்படித்தான் இதையும் நினைத்தேன்.

வினாயகமூர்த்திக்கு அப்போது பதினான்கு வயது. தகப்பன் அந்தக் காய்ச்சலில் போய்விட்டான். தாய் இரத்தினம்மா நெல்லுக் குத்தி, பன் பாய் இழைத்து, அவனையும் தம்பிக்காரனையும் வளர்த்தாள். நான் சொன்னதையெல்லாம் நம்பிய பிள்ளை அவன் ஒருவன்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்றால், வயலுக்குப் போகும்போதும் கொதித்த தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் கொண்டுபோவான். மற்றவர்கள் அவனைக் "குடுக்கை" என்று கூப்பிட்டார்கள், அவன் கோபிக்க மாட்டான். தகப்பனின் திவசத்துக்கு இரத்தினம்மா படையலில் செத்தவன் விரும்பிப் பிடித்த சுருட்டையும் வைத்தாள். இவன் அதை எடுத்து வெளியே எறிந்திருக்கிறான். "அப்பாக்கு அது ஆகா எண்டு வாத்தியார் சொன்னவர்" என்றானாம். செத்தவனுக்கு என்ன ஆகும் ஆகாது என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தானாகவே அவ்வளவு தூரம் போனான். தாய் அழுதுகொண்டு என்னிடம் வந்து முறையிட்டாள். அவளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அளவில்லாத சந்தோஷம். அந்தப் பிள்ளையை நான் என் பிள்ளை மாதிரி நேசித்தேன், ஐயா. இதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி இங்கத்தைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்கள் வயல்வெளியை வட்டை என்பார்கள். அதற்குத் தண்ணீர் திறக்கவும் காவல் வைக்கவும் பொறுப்பானவர் வட்டை விதானை. எங்கள் வட்டைக்குச் சீனித்தம்பி விதானை. கதிர் வரும் காலத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவல் தொடங்குமுன்னே, ஆற்றங்கரை மருத மரத்தடியில் காவல் வைரவருக்குப் பூசை நடக்கும். பொங்கல், பழம், வெற்றிலையோடு சுருட்டும் படைப்பார்கள். அந்த வருஷம் முதல்முதல் காவலுக்குப் போகும் பொடியனுக்குப் படையலில் உள்ள பெரிய சுருட்டைப் பற்றவைத்துக் கொடுப்பார் விதானை. அவன் எல்லாருக்கும் முன்னால் அதை அணையவிடாமல் பிடித்து முடிக்க வேண்டும். அணைந்தால் அந்தப் போகம் பன்றிக்கு என்று அர்த்தம். முடித்தால் அவன் ஆம்பிளை, வட்டையில் அவனுக்கும் ஒரு பரண். தகப்பன் இல்லாத வீட்டுக்குப் பரண் என்பது காவல் கூலியாக வரும் நெல். இரத்தினம்மாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வருஷம் வினாயகமூர்த்தியின் முறை.

பூசைக்குக் கொஞ்ச நாளுக்கு முன் சீனித்தம்பி விதானையிடம் போனேன். இந்த முறை படையலுக்குச் சுருட்டு என் பொறுப்பு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வாத்தியார், புகை ஆகா எண்டு புள்ளையளுக்குப் படிப்பிக்கிற நீங்களா?"

"வைரவருக்குத்தானே விதானையார். தெய்வத்துக்கு நான் பாடம் எடுக்கலாமோ?" என்றேன்.

மனிதர் குலுங்கிச் சிரித்தார். அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்து வாத்தியார் கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் என்று வழியில் கண்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி என் வீட்டுக்கு முருங்கைக்காய் அனுப்பினாள். இத்தனை வருஷத்தில் என்னை அவர்கள் தங்களில் ஒருவனாக நடத்தியது அப்போதுதான்.

காத்தான்குடியிலிருந்து துணியும் புகையிலையும் வண்டியில் கொண்டுவரும் கச்சி முகம்மதுவிடம் இலை வாங்கினேன். அவர் என்னிடம் எழுதுதாளும் மையும்தான் விற்றுப் பழக்கம். "என்ன வாத்தியார், உங்களுக்கும் ஆசை வந்திட்டா?" என்றார். நல்ல இலையாகப் பார்த்துப் பொறுக்கித் தந்துவிட்டு, "பிள்ளையள் கண்ணில படாமப் பத்துங்க, உங்கட சொல்லுக்கு ஒரு மரியாதை இரிக்கி" என்றார். நல்ல மனிதர். ஊமத்தைக்கு நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து வேலியோடு நிற்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பூ.

ஒரு கட்டு சுற்றினேன். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுத்தமான புகையிலை. அந்தப் பெரிய சுருட்டுக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டுவது வழக்கம், ஆகவே மாறிப்போக வழியில்லை. வருஷக்கணக்காகச் சுற்றாத கை, ஆனாலும் மறக்கவில்லை. தகப்பனார் பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார். தகப்பனாருக்கு ஒரு இராப்பொழுதில் தெளிந்த விஷயம், பிள்ளைக்கும் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் சுருட்டிலேயே ஒரு நல்ல பிள்ளை புத்தி பேதலிப்பதை ஊர் முழுக்கப் பார்க்கும். வேறெதுவும் பிடித்துப் பழகாதவன், நோய் நொடி இல்லாதவன். இராசதுரை மாதிரி ஒருவனென்றால் கள்ளுக் குடித்திருந்தான் என்பார்கள். இவன் விஷயத்தில் அப்படி ஒரு சாக்கும் சொல்ல முடியாது. சுருட்டைத் தவிர வேறு காரணமே இல்லாத ஒரு பிள்ளைதான் எனக்கு வேண்டும்.

பூசைக்கு முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டபிறகு அவன் என்னிடம் வந்தான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"வாத்தியார், நான் நாளைக்குச் சுருட்டுப் பத்த ஒண்ணா எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லப் போறன்."

"விதானையார் என்ன சொல்லுவார்?"

"ஏசுவார். பரண் தரமாட்டாங்க. அம்மா அழுவா. எண்டாலும் நீங்க சொன்னது மெய்தானே வாத்தியார்? மெய் எண்டா எனக்குப் பயமில்ல."

ஐயா, நீங்கள் கண்ணியமான மனிதர், ஆகவே இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை ஊருக்கு முன்னால் எழுந்து நின்று மாட்டேன் என்று சொல்வதற்காகத்தானே இவ்வளவு காலமும் பாடுபட்டாய், அவனை அப்படியே விட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபோது ஒரு கணம் நெஞ்சு இளகியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் மறுத்தால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்த நாள் மற்றவர்கள் வழக்கம்போல இழுப்பார்கள். ஒரு பிள்ளையின் மறுப்பு ஒன்றையும் நிரூபிக்காது. என் சுருட்டோ நிரூபிக்கும். அதோடு, சுருட்டும் சுற்றியாகிவிட்டது.

அவன் தோளில் கை வைத்து, "தம்பி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் பத்து. அது சாமியின்ரை சுருட்டு. என்ரை கையால சுத்தினது. அம்மாவை அழ வைக்காதை" என்றேன்.

"ஒண்டும் செய்யாதா வாத்தியார்?"

"நான் உனக்கு எப்பவாவது பொய் சொன்னனானோ?"

அவன் முகம் தெளிந்துவிட்டது. துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவனுக்கும் பரண் மேல் ஆசை இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பூசை பின்னேரம் நடந்தது. நல்ல வெளிச்சம், ஆறு தகடுபோலக் கிடந்தது. எனக்கு உட்கார ஒரு கதிரை போட்டிருந்தார்கள். இரத்தினம்மா மகனுக்குப் புது வேட்டி கட்டிவிட்டிருந்தாள். விதானையும் பெரியவர்களும் என் சுருட்டுக் கட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, வாத்தியாரின் கைவேலை பிரமாதம் என்றார்கள். வினாயகமூர்த்தி சிவப்பு நூல் சுருட்டை வாங்கி, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இழுக்கத் தொடங்கினான். முதலில் இருமினான். எல்லாரும் இருமுவதுதான். பறை அடித்தது. அணையவிடாமல் கெட்டியாய்ப் பிடித்தான். எதைச் சொன்னாலும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை.

முக்கால்வாசி முடிந்தபோது நாக்கு வறளுகிறது என்று தண்ணீர் கேட்டான். பிறகு சிரித்தான். பிறகு காற்றில் நூல் பிடுங்கத் தொடங்கினான். விதானையைப் பார்த்து "அப்பா, எப்ப வந்த?" என்றான். எல்லாம் நான் கணக்குப் போட்டபடியே நடந்துகொண்டிருந்தது. இனி யாராவது ஒருவர், ஐயோ இது சுருட்டின் வேலை என்று சத்தம் போட வேண்டியதுதான் பாக்கி.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. விதானை சட்டென்று தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவனைக் கும்பிட்டார். "வைரவர் வந்திட்டார்" என்றார். உடனே பெண்களின் குரவை எழுந்தது. பறையை இன்னும் ஓங்கி அடித்தார்கள். அவன் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். தகப்பனைக் கண்ட பிள்ளையிடம் மழை எப்போது பெய்யும், மாட்டு நோய் எப்போது தீரும் என்று வாக்குக் கேட்டார்கள். அவன் ஏதோ உளறினான், அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தார்கள். இரத்தினம்மா மகன் காலில் விழுந்து கும்பிட்டாள். இதை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஐயா. இத்தனை வருஷம் இவர்களோடு இருந்தும், இதை யோசிக்கத் தவறிவிட்டேன். என்னுடைய பிழை என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

அவன் திரும்பி ஆற்றை நோக்கி நடந்தான். தெய்வம் நடக்கும்போது குறுக்கே யாரும் நிற்க மாட்டார்கள். எல்லாரும் விலகி வழி விட்டார்கள். வரம்பால் இறங்கினான், முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், பிறகு தலை மட்டும். வைரவர் தீர்த்தமாடப் போகிறார் என்று கரையில் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். தலையும் தெரியவில்லை. அப்போதும் நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது தெய்வமில்லை, ஊமத்தை என்று ஒரு வார்த்தை. வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அத்தோடு எல்லாம் போய்விடும். பிள்ளையைக் கெடுத்தது புகையிலை இல்லை, வாத்தியார் என்று ஆகிவிடும். பிறகு இந்த ஊரில் எந்தப் பிள்ளை என் பேச்சைக் கேட்டுச் சுருட்டை விடும்? இப்போது எழும்பிவிடுவான், இதோ எழும்பிவிடுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நீந்தவும் தெரியாது.

குதித்தவன் இராசதுரை. வாயிலிருந்த சுருட்டைத் துப்பிவிட்டு, "சாமியாவது மண்ணாவது, அவனுக்கு ஆழத்தில நீந்தத் தெரியாதுகா" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். இரண்டு தரம் முங்கி மூன்றாம் தரம் தலைமயிரில் பிடித்து இழுத்துவந்தான். கவிழ்த்துப் போட்டு அமுக்கினார்கள். வெகுநேரம் கழித்து மூச்சு வந்தது. மூச்சு மட்டும்தான் வந்தது. அந்தப் பிள்ளை வரவில்லை.

அதற்குப் பிறகு ஊர் என்ன முடிவுக்கு வந்தது என்று கேளுங்கள். கண்ணால் கண்டார்களே, இனிச் சுருட்டைத் தொட மாட்டார்கள் என்று நீங்களும் நினைப்பீர்கள். அவர்கள் கூடிக் கதைத்து இரண்டு காரணம் கண்டார்கள். ஒன்று, தகப்பனின் படையல் சுருட்டை எடுத்து எறிந்த குற்றத்துக்கு வைரவர் தண்டித்துவிட்டார். மற்றது, விதானையே சொன்னது. அதே கட்டுச் சுருட்டைத்தான் நாங்கள் எல்லாரும் பத்தினோம், எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்குப் பழகாத உடம்பு, சாமி சுருட்டின் வேகம் தாங்கவில்லை. பிள்ளைகளைச் சின்னதிலேயே பழக்காமல் விட்டதுதான் பிழை. அந்தப் போகம் அறுத்து முடியுமுன்னே தாய்மார் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாங்களே பற்றவைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். நீங்கள் காலையில் மடியில் சுருட்டோடு பார்த்தீர்களே, வாய்ப்பாடு சொன்ன பையன், அவன் வினாயகமூர்த்தியின் தம்பி.

ஒருநாள் இரத்தினம்மாவிடம் மெல்லக் கேட்டேன், இவனுக்கு ஏன் கொடுக்கிறாய் என்று. "மூத்தவனை உங்கட சொல்லைக் கேட்டுப் பழக்காம விட்டன் வாத்தியார். உங்களில குறை இல்ல, நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. எனக்கு இனி இரிக்கிறது இவன் ஒருத்தன். இவனையும் குடுக்க ஏலா" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கென்று கொண்டுவந்த தயிர்முட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். கிழமைக்கு ஒரு முட்டி தவறாமல் கொண்டுவருவாள். இதுவும் அவள் தந்ததுதான். ஏன் ஐயா, போதுமா?

அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் தம்பிக்காரனாவது தப்பியிருப்பான் என்று நீங்கள் சொல்லலாம். அதையும் நிறுத்துப் பார்த்தேன். உண்மை என்ன? கெடுத்தது ஊமத்தை. அப்படியென்றால் புகையிலை குற்றமற்றது என்று ஆகிறது. நான் வாய் திறந்தால், என் தகப்பனைத் தின்ற புகையிலைக்கு நானே நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகும். அது பொய் அல்லவா? பெரிய உண்மை ஒன்றைக் காப்பாற்ற ஒரு சின்ன உண்மையை விழுங்கினேன். இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் நீங்கள் அக்கறையில்லாதவன் என்று சொல்லியிராவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். இனி நீங்கள் யாரிடம் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. பொலிசுக்கு எழுதுவதானால் எழுதுங்கள், தாளும் மையும் உள்ளே இருக்கின்றன.

வினாயகமூர்த்தியைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி நான்தான் தாயைக் கேட்டுக்கொண்டேன். பெயர் எழுத வராது, சோற்றைத் தானாகச் சாப்பிட வராது. நான் ஊட்டிவிடுவேன். முன் வாங்கில் வைத்திருக்கிறேன், மற்றப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது விளங்கிக்கொள்ளக்கூடும்.

போன கிழமை இடைவேளையில் தம்பிக்காரன் விளையாட்டாகத் தன் சுருட்டை எடுத்துத் தமையனின் வாயில் வைத்துவிட்டான். அந்த வாசம் பட்டதோ இல்லையோ, இவன் போட்ட அலறலில் பள்ளிக்கூடமே நின்றது. வாங்கைத் தள்ளிக்கொண்டு ஓடினான். தாய் அன்றைக்குத் தயிர் கொண்டுவந்து வாசலில் நின்றாள். இரண்டு கையையும் நீட்டி, "வாடா மனே" என்றாள். அவளைப் பார்க்கவே இல்லை, கடந்து ஓடிவந்தான். நேரே என்னிடம் வந்து என் சால்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் என்னை இறுகப் பிடித்துக்கொண்டான். அரை மணிக்கு மேலாக விடவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஐயா. இவ்வளவு நடந்த பிறகும், ஆபத்து என்றால் யாரிடம் ஓட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.